அணைந்த மெழுகுத்திரியும் ஓவியத்தில் இல்லாத அரசியும்

ஓவியம் ஒன்றின் முன் நின்று வரலாறு பேசும் வழக்கம் நம் இல்லங்களில் மிகுதியாக இல்லை. எழுத்தணியையும் கொடிப்பின்னல் வேலைப்பாட்டையும் போற்றி வளர்ந்த மரபு நம்முடையது. பாரசீகத்திலும் முகலாயர் அவையிலும் நுண்ணோவியம் செழித்ததுண்டு. எனினும் அது பெரும்பாலும் நூலின் ஏடுகளுக்குள் அடங்கிய கலை. பெரிய துணியில் வரலாற்றின் ஒரு நொடியைத் தீட்டி, ஊரார் அனைவரும் காணப் பொது மண்டபத்தில் மாட்டி வைக்கும் கலையை ஐரோப்பியர் தனியே வளர்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் மக்கள் தங்கள் நாட்டின் பழங்கதையை நூல்களில் படித்தது போலவே, ஆண்டுதோறும் நடைபெற்ற ஓவியக் கண்காட்சியிலும் படித்தனர். ஆதலின் அத்தகைய ஓவியம் ஒன்றை, ஒரு வரலாற்று நூலைத் திறனாய்வது போலவே திறனாயலாம். அது என்ன சொல்கிறது, சொல்வது மெய்தானா, எதைச் சொல்லாமல் விட்டது என்னும் மூன்று வினாக்களையும் அதனிடம் கேட்கலாம்.

நாம் இங்கு எடுத்துக்கொள்வது, பிரெஞ்சு ஓவியர் ழான் போல் லோரான்ஸ் 1875ஆம் ஆண்டில் தீட்டிய 'பக்திமான் இராபர்ட்டின் சபைநீக்கம்' என்னும் ஓவியமாகும். 130 சென்டிமீட்டர் உயரமும் 218 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இத்துணி ஓவியம், பாரிஸ் நகரின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஓர் அரச மண்டபம். தடித்த கற்சுவர்கள். மேடைமீது அரியணையில் மன்னனும் அரசியும் ஒருவரையொருவர் ஒட்டி அமர்ந்திருக்கின்றனர். அரசி மன்னன்மீது சாய்ந்திருக்கிறாள். மன்னனின் விழிகள் எதையோ வெறித்து நோக்குகின்றன. அவன் கையில் இருந்திருக்க வேண்டிய செங்கோல் கீழே கிடக்கிறது. முன்தரையில் பெரிய மெழுகுத்திரி ஒன்று வீழ்ந்து கிடக்க, அதன் அணைந்த முனையிலிருந்து மெல்லிய புகை எழுகிறது. மண்டபத்தின் மறுபுறம், அங்கி அணிந்த திருச்சபைத் தலைவர்கள் வாயிலைக் கடந்து வெளியேறிக்கொண்டிருக்கின்றனர். அரசவையினர் எவரும் இல்லை, காவலரும் இல்லை. இருவருக்கும் வாயிலுக்கும் இடையே வெறுந்தரை மட்டும் பரந்து கிடக்கிறது.

அந்த மெழுகுத்திரியின் பொருளை அறியாதார்க்கு இவ்வோவியம் பாதியே விளங்கும். இடைக்காலத் திருச்சபை ஒருவரைச் சபையிலிருந்து நீக்கும்போது அதற்கெனச் சடங்கு ஒன்று இருந்தது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பெற்ற திருச்சபைச் சட்ட நூலில் அது விவரிக்கப்பட்டுள்ளது. ஆயரைச் சூழ்ந்து பன்னிரு குருமார் எரியும் திரிகளை ஏந்தி நிற்பர். தண்டனைச் சொற்கள் முடிந்ததும் திரிகளைத் தரையில் வீசி மிதிப்பர். ஒளி அணைந்தது போல் அம்மனிதனின் ஆன்மாவும் சபையைப் பொறுத்தவரை அணைந்தது என்பது பொருள். அதன்பின் அவனோடு உண்ணலாகாது, உரையாடலாகாது, அவனுக்கு வழிபாடு இல்லை, இறந்தால் முறையான அடக்கமும் இல்லை.

'ஊர்விலக்கு' என்னும் சொல்லைக் கேட்டறிந்த நம் வாசகர்களுக்கு இதன் கடுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. திருமணத்திற்கு அழைப்பில்லை, மையித்திற்கு ஆளில்லை என்ற நிலை ஒரு குடும்பத்தை எவ்வாறு ஒடுக்கும் என்பதை நம்மில் முதியோர் அறிவர். ஊர் அளவில் நேர்ந்தாலே இத்தனைத் துன்பம் என்றால், ஒரு நாட்டின் மன்னனுக்கே அது நேர்ந்தால் எவ்வாறிருக்கும்? அக்காட்சியைத்தான் லோரான்ஸ் நம் கண்முன் நிறுத்துகிறார்.

இனி அந்த மன்னனின் வரலாற்றைக் காண்போம். இராபர்ட், கப்பே மரபைத் தோற்றுவித்த ஹியூ கப்பேயின் மகன். 996இல் தந்தை மறையவே தனியாட்சி பெற்று, 1031 வரை ஆண்டான். இளமையில் ரைம்ஸ் நகரில் ஜெர்பர்ட் என்னும் பேரறிஞரிடம் கல்வி பயின்றான். இந்த ஜெர்பர்ட், ஸ்பெயினின் வட எல்லையிலுள்ள கட்டலோனியாவில் கணிதம் கற்றவர். அரபு உலகின் வழியே வந்த எண்குறிகளைக் கணக்குப் பலகையில் பயன்படுத்திய முதல் ஐரோப்பிய அறிஞர்களுள் ஒருவராகக் கருதப்படுபவர். அவர் மீண்டும் இக்கதையில் வருவார்.

996இல் புளுவா நாட்டுப் பிரபு முதலாம் ஓடோ மறைந்தான். அவனுடைய கைம்பெண் பெர்த்தாவை இராபர்ட் மணந்தான். தூர் நகரப் பேராயர் ஆர்ச்சம்போ அம்மணத்தை நடத்திவைத்தார். தடை இங்கேதான் எழுந்தது. இராபர்ட்டின் தந்தைவழிப் பாட்டியும் பெர்த்தாவின் தாய்வழிப் பாட்டியும் உடன்பிறந்த சகோதரிகள். ஜெர்மானிய மன்னன் முதலாம் ஹென்றியின் புதல்வியர். அதாவது மணமக்கள் இருவரும் அந்த ஹென்றிக்குக் கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்தி முறையினர்.

இதில் என்ன தவறு என்று நம் வாசகர் வியப்பர். சாச்சா மகளையும் மாமி மகளையும் மணப்பது நம்மிடையே இயல்பான வழக்கம். மணத்திற்கு விலக்கப்பட்ட பெண்டிரை வரிசைப்படுத்தும் திருக்குர்ஆனின் 'அந்நிஸா' அத்தியாயத்தில் அவர்கள் இடம்பெறவில்லை. ஆனால் அக்காலத் திருச்சபை ஏழாம் தலைமுறைவரை இரத்த உறவில் மணம் கூடாதென விதித்திருந்தது. ஏழு தலைமுறையின் உறவுகளை எவர் நினைவில் வைத்திருக்க இயலும்? இவ்விதி நடைமுறைக்கு ஒவ்வாதது என்பதைத் திருச்சபையே பின்னர் உணர்ந்து, 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் பேரவையில் அதனை நான்கு தலைமுறையாகக் குறைத்தது. ஐரோப்பிய அரச குடும்பங்களோ சிலவே. அவை தலைமுறை தலைமுறையாகத் தமக்குள் கொண்டு கொடுத்தவை. மன்னன் மகள் ஒருத்தியை மணக்க விரும்பும் மன்னனுக்கு, உறவில்லாத பெண் கிடைப்பதே அரிதாயிற்று.

வேறொரு தடையும் இருந்தது. பெர்த்தாவின் முதல் மணத்துப் பிள்ளை ஒன்றின் ஞானஸ்நானத்தில் இராபர்ட் ஞானத்தந்தையாக நின்றிருந்தான். இதனால் அவனுக்கும் அவளுக்கும் ஆன்மிக உறவு ஏற்பட்டுவிட்டதாகத் திருச்சபை கொண்டது. இரத்தத்தால் அன்றிப் பால்குடியால் ஏற்படும் உறவும் மணத்திற்குத் தடையாவதை அறிந்த நமக்கு, இரத்தம் சாராத தடை ஒன்று இருக்கக்கூடும் என்பது மட்டும் புதிதன்று.

997இல் இத்தாலியின் பாவியா நகரில் கூடிய திருச்சபை மன்றம் இம்மணத்தைக் கண்டித்தது. 998இல், ஹிஜ்ரி கணக்கில் 388ஐ ஒட்டி, போப்பாண்டவர் ஐந்தாம் கிரகோரியின் தலைமையில் ரோமில் கூடிய மன்றம் தீர்ப்புரைத்தது. இராபர்ட் தன் உறவினளாகிய பெர்த்தாவைப் பிரிய வேண்டும், ஏழாண்டுகள் தவமியற்ற வேண்டும், மறுத்தால் சபைநீக்கம். பெர்த்தாவுக்கும் அவ்வாறே. மணத்தை நடத்திவைத்த பேராயரும் உடன்பட்ட ஆயர்களும் ரோமுக்கு வந்து விடையளிக்கும்வரை பணியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டனர்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். தீர்ப்பின் சொற்கள் எச்சரிக்கையாகவே உள்ளன. அந்த எச்சரிக்கை நிறைவேற்றப்பட்டு, சபைநீக்கம் முறைப்படி அறிவிக்கப்பட்டதா என்பதையே வரலாற்றறிஞர் பலர் ஐயுறுகின்றனர். அரச மண்டபத்திற்குள் ஆயர்கள் புகுந்து, மன்னனின் முகத்துக்கு நேரே திரியை வீழ்த்திச் சென்றனர் என்பதற்குச் சமகாலச் சான்று இல்லை. பிரெஞ்சு ஆயர்களிற் பலர் மன்னன் பக்கமே நின்றவர்கள். அவ்வாறாயின் நாம் காணும் காட்சி ஓவியர் புனைந்த காட்சியே என்பது தெளிவு.

எல்லாரும் கைவிட மன்னன் தனித்திருந்தான் என்னும் கதைக்கு மூலம் வேறிடத்தில் உள்ளது. நிகழ்ச்சிக்கு அறுபதாண்டுகளுக்குப் பின், இத்தாலியத் துறவி பீட்டர் டேமியன் எழுதிய கடிதத்தில்தான் அது விரிவாக வருகிறது. இரண்டு பணியாளர் மட்டுமே மன்னனிடம் எஞ்சினர் என்றும், அவர்களும் அவன் தொட்ட பாத்திரங்களைத் தீயிலிட்டுத் தூய்மை செய்தனர் என்றும் அவர் எழுதினார். இந்த மணத்தால் வாத்துத் தலையுடன் ஒரு பிள்ளை பிறந்தது என்றும் அதே கடிதம் கூறுகிறது! பெர்த்தாவுக்கு இராபர்ட்டால் பிள்ளை நிலைக்கவில்லை என்பதே வரலாறு. திருச்சபையின் அதிகாரத்தை உயர்த்திக் காட்ட ஒரு துறவி பரப்பிய அச்சக் கதையை, அதே திருச்சபையைச் சாடுவதற்கு ஓர் ஓவியர் பயன்படுத்திக்கொண்டார் என்பது நினைக்கத்தக்கது.

லோரான்ஸ் சாடினார் என்று நாம் சொல்வது ஊகமன்று. 1838இல் துலூஸ் நகரை அடுத்த சிற்றூரில் பிறந்த அவர், குடியரசுக் கொள்கையினர். மதகுருமாரின் அரசியல் செல்வாக்கை எதிர்த்தவர். 1870இல் தீட்டிய ஓவியத்தில், இறந்துபோன போப்பாண்டவர் ஃபார்மோசஸின் சடலத்தைக் கல்லறையிலிருந்து எடுத்து, அங்கி உடுத்தி, அரியணையில் அமர்த்தி விசாரணை நடத்திய 897ஆம் ஆண்டுக் கொடுமையைக் காட்டினார். இராபர்ட் ஓவியம் வந்த அதே 1875இல், நாடு முழுவதற்கும் வழிபாடு மறுக்கப்படும் தண்டனையைப் பற்றி மற்றோர் ஓவியமும் தீட்டினார். பின்னாளில் புனித விசாரணை மன்றத்தையும் வரைந்தார். எனினும் பாரிசின் பாந்தியன் மண்டபச் சுவரில் புனித ஜெனவியேவின் மரணத்தைக் கனிவோடு தீட்டியவரும் அவரே. நம்பிக்கையை அவர் பகைத்ததில்லை. நம்பிக்கையின் பெயரால் செலுத்தப்படும் அதிகாரத்தையே பகைத்தார் எனலாம்.

அவர் வாழ்ந்த பொழுதும் அத்தகையது. 1870இல் பிரஷ்யப் போரில் பிரான்சு தோற்றது. மறு ஆண்டு பாரிஸ் நகரமே உள்நாட்டுப் போரில் எரிந்தது. தேசத்தின் பாவத்திற்குக் கிடைத்த தண்டனை இது என்று ஒரு சாரார் பேசினர். மோன்மார்த்ர் குன்றின்மேல் பரிகாரமாகத் தேவாலயம் எழுப்ப 1873இல் சட்டம் இயற்றப்பட்டது. 1875 ஜூன் திங்களில் அடிக்கல் நாட்டப்பட்டது. மறுசாரார் குடியரசை நிலைநிறுத்தப் போராடினர். மூன்றாம் குடியரசின் அமைப்புச் சட்டங்கள் நிறைவேறியதும் அதே 1875இல்தான். இன்னுமொன்று: 1816 முதல் பிரான்சில் மணவிலக்கே சட்டத்தில் இல்லாதிருந்தது, அது மீண்டும் வந்தது 1884இல். திருமணத்தைக் கட்டவும் பிரிக்கவும் உரிமை யாருக்கு என்பது அன்றைய பாரிசில் உயிருள்ள வினா. ஆயிரமாவது ஆண்டின் உடையை உடுத்தி அவ்வினாவே கண்காட்சிக்குள் வந்து நின்றது. அரசும் திருச்சபையும் பிரான்சில் சட்டப்படி பிரிந்தது 1905இல். 1921இல் மறைந்த லோரான்ஸ் அதனைக் கண்டார்.

ஓவியத்தின் கலைத்திறனை இப்போது மதிப்பிடுவோம். சரித்திர ஓவியர்கள் பொதுவாகக் கூட்டத்தையும் கூச்சலையும் விரும்புவர். உயர்த்திய கைகள், மயங்கி விழும் பெண்கள், பளபளக்கும் ஆயுதங்கள் ஆகியவற்றால் துணியை நிரப்புவர். லோரான்ஸ் சடங்கின் உச்சத்தை விட்டுவிட்டு, அது முடிந்த மறுநொடியைத் தேர்ந்தெடுத்தார். சாபத்தை உரைத்தவர் முகத்தை நமக்குக் காட்டவில்லை, அவர்கள் போய்க்கொண்டிருக்கின்றனர். அவர்கள் சொன்ன சொல்லின் விளைவு மட்டும் மண்டபத்தில் தங்கியிருக்கிறது. அந்த வெறுந்தரையை வேறு எதனாலும் நிரப்பாமல் விட்ட துணிவே இவ்வோவியத்தின் உயிர் என்போம். தண்டனை வாளால் வரவில்லை, சிறையால் வரவில்லை. மனிதர் விலகிச் செல்வதால் வந்தது. அதனை இத்தனை எளிமையாக உணர்த்திய ஓவியங்கள் சிலவே.

குறையும் உண்டு. கீழே கிடக்கும் செங்கோல் சற்று மிகை. திரியின் புகையே போதுமானதாக இருக்க, செங்கோலையும் வீழ்த்திக் காட்டியது நாடக மேடையின் உத்தியை நினைவூட்டுகிறது. இதனை நாம் பெரிதுபடுத்த விரும்பவில்லை. நம் மனத்தை உறுத்தும் குறை வேறு.

ஓவியத்தின் முன் நிற்பவர் யாவரும் இராபர்ட்டுக்கும் பெர்த்தாவுக்கும் இரங்குவர். அன்புடைய இருவரைச் சட்டத்தின் பெயரால் பிரிக்கிறார்களே என்று நெஞ்சு கனக்கும். ஆனால் பெர்த்தாவை மணக்கும்போது இராபர்ட் மணமாகாதவன் அல்லன். ஏறத்தாழ 988இல், தந்தையின் ஏற்பாட்டில், இத்தாலிய மன்னன் இரண்டாம் பெரங்காரின் மகளும் ஃபிளாண்டர்ஸ் பிரபுவின் கைம்பெண்ணுமாகிய ரோசாலாவை அவன் மணந்திருந்தான். பிரான்சு அரசவையில் அவளுக்குச் சூசன்னா என்று பெயரிட்டனர். அவள் அவனைவிட மிகவும் மூத்தவள். சில ஆண்டுகளில் அவளை விலக்கி அனுப்பிவிட்டான். அவள் முதுமையுற்றவள் என்பதையே சமகால வரலாற்றாசிரியர் ரிஷே காரணமாகக் குறிக்கிறார். மணக்கொடையாக அவள் கொண்டுவந்த மோந்த்ரோய் கோட்டையோ அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அவள் கேட்டும் கிடைக்கவில்லை. ஃபிளாண்டர்ஸில் தன் மகனிடம் திரும்பிய அவள், 1003இல் இறந்தாள்.

ஆகவே 998இல் ரோமில் மன்றம் கூடியபோது ரோசாலா உயிரோடிருந்தாள். மன்றத்தின் தீர்மானம் உறவுமுறையைக் கணக்கிட்டது. பாட்டிமார் இருவரும் சகோதரிகள் என்பதைக் கண்டது. காரணமின்றி விலக்கப்பட்டு, சொத்தும் இழந்து, தாயகமும் அல்லாத ஊரில் வாழ்ந்த பெண்ணைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் கழிந்தபின் அம்மன்றத்தைச் சாட வந்த ஓவியரும் அவளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திருச்சபையும் அதன் எதிர்ப்பாளரும் வேறெதில் மாறுபட்டாலும் இதில் ஒன்றுபட்டனர்.

ஒருத்தியை விலக்கி மற்றொருத்தியை மணக்க நினைப்பவன், முன்னவளுக்குக் கொடுத்தது பொற்குவியலே ஆனாலும் அதில் எதையும் திரும்ப எடுத்தலாகாது என்பது நாம் அறிந்த திருமறைச் சட்டம். கணவன் கொடுத்த மஹருக்கே அந்தக் காப்பு என்றால், அவள் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? அந்த அளவுகோலை இராபர்ட்டிடம் வைத்தால் அவன் குற்றவாளியே. உறவில் மணந்ததற்காக அன்று, மோந்த்ரோயைத் திருப்பித் தராததற்காக. அதே அளவுகோலை நம் ஊர்களில் நடக்கும் தலாக்குகளிடம் வைத்தால் எத்தனை மோந்த்ரோய்கள் வெளிப்படும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சீதனமாக வந்த நகைகளும் வீட்டுப் பத்திரமும் திரும்பாமலே தாய்வீடு சேர்ந்த பெண்கள் நம்மிடையே இல்லை என்று நம்மால் சொல்ல இயலுமா?

கதையின் முடிவும் ஓவியம் காட்டும் தனிமைக்குப் பொருந்துவதன்று. 999இல் கிரகோரி மறைய, இராபர்ட்டின் பழைய ஆசிரியர் ஜெர்பர்ட்டே இரண்டாம் சில்வெஸ்டர் என்னும் பெயருடன் போப்பாண்டவரானார். அதன்பின்னரும் சில ஆண்டுகள் மன்னன் பெர்த்தாவோடு வாழ்ந்தான். இறுதியில் அவளை விலக்கினான். திருச்சபையின் அச்சம் ஒருபுறம். பட்டத்திற்கு மகன் இல்லையே என்ற கவலை மறுபுறம். ஆர்ல் நகரத்துக் கான்ஸ்டன்சை மணந்து பிள்ளைகளைப் பெற்றான். ஏறத்தாழ 1010இல் அவன் ரோமுக்குச் சென்றபோது, மீண்டும் அரசியாகும் நம்பிக்கையில் பெர்த்தாவும் பின்சென்றாள் என்று ஒரு துறவி எழுதிவைத்துள்ளார். அந்நம்பிக்கை நிறைவேறவில்லை. ஓவியத்தில் அவன்மீது சாய்ந்திருக்கும் அப்பெண்ணும், ரோசாலா சென்ற வழியே செல்ல நேர்ந்தது.

'பக்திமான்' என்னும் பட்டம் அவனுக்கு நிலைத்தது. அவனுடைய ஈகையையும் பொறுமையையும் ஃபிளூரி மடத்துத் துறவி ஹெல்கோ புகழ்ந்து நூல் எழுதினார். 1022இல் ஓர்லேயான் நகரில், சமயக் கொள்கையில் மாறுபட்டார்கள் என்பதற்காகப் பத்துக்கும் மேற்பட்டோர், அவர்களுள் கற்றறிந்த குருமாரும் அடங்க, இம்மன்னனின் ஆணையால் உயிரோடு எரிக்கப்பட்டனர். மேலை ஐரோப்பாவின் இடைக்கால வரலாற்றில் இத்தகைய தண்டனை முதன்முதலாக நடந்தது அன்றுதான் என்பர். சபைநீக்கத்தின் கொடுமையை அனுபவித்தவனாகத் துணியில் காட்டப்படும் மனிதன், பின்னாளில் பிறரை அதனினும் கொடிய தண்டனைக்கு உள்ளாக்கினான். துன்பம் எல்லாரையும் இளகச் செய்துவிடும் என்று நாம் எண்ணிக்கொள்வது ஆசையால் அன்றி அனுபவத்தால் அன்று.

இவ்வளவும் கூறியதால் லோரான்ஸின் ஓவியம் தாழ்ந்தது என்பது நம் முடிவன்று. மனிதரை மனிதரிடமிருந்து பிரித்து ஒடுக்கும் அதிகாரம் எந்தச் சமயத்தின் பெயரால் வந்தாலும் எவ்வளவு கொடியது என்பதை, ஒரு திரியின் புகையைக் கொண்டு உணர்த்திய உயர்ந்த ஓவியம் அது. அதன்பால் நமக்குள்ள மதிப்பு குறையவில்லை. ஆயினும், அநீதியைக் காட்டும் கலைப்படைப்பு ஒன்று நம் இரக்கத்தை எவர்பால் திருப்புகிறது என்பதைக் கவனிப்பது வாசகர் கடமை; பார்வையாளர் கடமையும் அதுவே. அரியணையில் இருப்பவரின் கண்ணீர் எளிதில் நம் கண்ணில் படுகிறது. மண்டபத்திற்கு வெளியே அனுப்பப்பட்டவளைத் தேடித்தான் காண வேண்டியிருக்கிறது.

ஓர்சே அருங்காட்சியகத்திற்குச் செல்லும் வாய்ப்பு நம் வாசகருள் யாருக்கேனும் கிட்டுமாயின், அவ்வோவியத்தின் முன் சற்று நேரம் நிற்க வேண்டுகிறோம். வெளியேறும் ஆயர்களையும் ஒட்டி அமர்ந்த இணையரையும் கண்டபின், இடையேயுள்ள அந்த வெறுந்தரையை ஒருமுறை நோக்குக. ஃபிளாண்டர்ஸில் தன் கோட்டையைக் கேட்டுக்கொண்டிருந்த ரோசாலாவையும் அங்கே நினைத்துக்கொள்க.